மலையைப் பார்த்துப் போட்ட நாற்காலி

திருமலையின் வீட்டாரிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டு. கையிலிருந்து ஏதாவது நழுவி விழுந்தால் ஊர் உலகம் "ஐயையோ" என்னும். இவர்கள் "வள்ளி ஆயிடுச்சு" என்பார்கள். டம்ளர் உருண்டால் வள்ளி. சட்னிக் கிண்ணம் கவிழ்ந்தால் வள்ளி. ஒருமுறை திருமலையின் லோடு வேனிலிருந்து சிமென்ட் மூட்டை சரிந்து நடுரோட்டில் உடைந்தபோது, "ஒரு மூட்டை வள்ளி ஆயிடுச்சுங்க" என்று கடைக்காரருக்குப் போன் செய்தான். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வள்ளியோடுதான் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறோம் என்பது அந்த நேரத்தில் திருமலைக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

வள்ளி இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. எது விழுந்தாலும் மற்றவர்களுக்கு முன்னால் அவளே "வள்ளி" என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். நாமே சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பதில் பாதி ருசி போய்விடும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான், மீதிப் பாதி மட்டும் உள்ளே தங்கிக்கொண்டே இருந்தது.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அடி அண்ணாமலையில், மலையின் காலடியில், பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். அறுப்புக்குப் போனால் நெல்லை அறுப்பதற்குள் விரலை அறுத்துக்கொள்வாள். "நீ கரையில உக்காரு தாயி" என்று அப்பா அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடத்தில் அவள் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் பெருமூச்சு விடுவார். கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வந்த பிறகும் கரண்டி ஒரு பக்கம் போனால் குழம்பு இன்னொரு பக்கம் போகும். தனக்குக் கை வராது என்பதை, தன் பெயர் வள்ளி என்பதைப் போலவே, கேள்வியில்லாமல் அவள் நம்பியிருந்தாள்.

மகன் செழியன் வேலை கிடைத்து சென்னைக்குப் போன வருஷம், பக்கத்து வீட்டுக்குக் கீதாஞ்சலி குடிவந்தாள். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவரின் மனைவி, முப்பது வயதுக்காரி. அவள் வீட்டுக் கூடத்தில் வயர் கூடைகளாகத் தொங்கின. கிளிப்பச்சையில் ஒன்று, ரோஜா நிறத்தில் ஒன்று, மஞ்சளும் நீலமும் கட்டம் கட்டமாகக் கலந்து ஒன்று. பால் பாக்கெட் கடன் வாங்கப் போன வள்ளி பாலை மறந்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது.

"எனக்குக் கத்துக் குடுப்பியா கீதா? முன்னாடியே சொல்லிடறேன், எனக்குக் கை வராது."

"வராம எங்கக்கா போவுது? வாங்க, பக்கத்துல உக்காருங்க."

பக்கத்தில் உட்கார்ந்ததுதான் தப்பாகப் போயிற்று. ஆனால் அது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. சோஃபாவில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, கீதாஞ்சலி வலது கையால் வயரை மடித்தால் வள்ளியும் வலது கையால் மடித்தாள். அவள் நுனியைக் கோத்து இழுத்தால் இவளும் கோத்து இழுத்தாள். கீதாஞ்சலியின் முடிச்சு சமர்த்தாக உட்கார்ந்தது. வள்ளியின் முடிச்சு, அவள் கையை எடுத்ததும் வாயைத் திறந்தது. முதல் கூடை தரையில் வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பரவால்லக்கா, வெங்காயம் போட்டு வெச்சுக்கலாம்" என்றாள் கீதாஞ்சலி. அடுத்த கூடைக்குப் பூண்டு என்றாள். அதற்கடுத்து உருளைக்கிழங்கு. போகப் போகக் கீதாஞ்சலிக்குச் சொல்வதற்குக் காய்கறி தீர்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள். வள்ளி மறுநாளும் வயரைத் தூக்கிக்கொண்டு போனாள். வராது என்று தெரிந்த வேலைக்கு இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

பிறகு கீதாஞ்சலியின் மாமியார் ஊரிலிருந்து வந்தார். வந்தவர் சோஃபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சீரியல் பார்க்க ஆரம்பித்தார். கீதாஞ்சலிக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது, வள்ளிக்கு அதுவும் இல்லை. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எதிர்ச் சுவர் ஓரமாகப் போட்டு, கீதாஞ்சலிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கீதாஞ்சலியின் தலைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் நிறைய அண்ணாமலை.

அன்றைக்கு முடிச்சு விழுந்தது. வயர் சொன்னபடி மடிந்தது, சொன்ன இடத்தில் நின்றது. கையை எடுத்துவிட்டு வள்ளி பயந்துகொண்டே பார்த்தாள், முடிச்சு வாயைத் திறக்கவில்லை. அந்த வாரத்துக்குள் சதுரமாக ஓர் அடி போட்டு, மேலே ஏற்றி, கைப்பிடியும் வைத்துவிட்டாள். தரையில் வைத்தார்கள். கூடை நேராக நின்றது. மாமியார் சீரியலை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, திடீர்னு?" என்றாள் கீதாஞ்சலி.

வள்ளி ஜன்னலைக் காட்டினாள். "மலை கீதா. இத்தனை நாள் மலைக்கு முதுகக் காட்டிக்கினு உக்காந்துட்டு இருந்தேன். அவரு பாத்துக்கினு இருக்கறப்ப கை தப்பு பண்ணுமா?"

வேறு ஊராக இருந்தால் யாராவது அப்புறம் என்ன, எப்படி என்று கேட்டிருப்பார்கள். திருவண்ணாமலையில் கேட்க மாட்டார்கள். இங்கே மழை வந்தாலும் மலை, மழை வராமல் துணி காய்ந்தாலும் மலை. கீதாஞ்சலி ஜன்னலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விஷயம் அதோடு முடிந்தது.

வள்ளி தன் வீட்டிலும் பின்பக்க ஜன்னலருகில் மலையைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டாள். "வாஸ்துப்படி கெழக்கப் பார்த்துதான் உக்காரணும்" என்றான் திருமலை. "வாஸ்துவுக்கு மேல மலை" என்றாள் வள்ளி. தெருவில் நாற்காலிக்குப் பெயர் வந்துவிட்டது. மாடியில் குடியிருந்த தசரதன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதில் உட்கார்ந்து ஒரு நாள் கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டாராம், அன்றைக்கே சிலிண்டர் வந்துவிட்டதாம். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற எதிர்வீட்டுப் பெண் புத்தகத்தோடு வந்து நின்றாள். காலை நேரத்தை வள்ளி எல்லோருக்கும் தாராளமாகக் கொடுத்தாள். மதியத்தை மட்டும் கொடுக்கவில்லை.

மதியம் அவளுடையது. சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால், வெயில் தாழும் வரை கை போய்க்கொண்டே இருக்கும், கண் மலை மேல் இருக்கும். தூரப் பார்வைக்கு அவள் கண்ணாடி போடுகிறவள். பின்னும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவாள். மலை பெரியதாக இருப்பதால் அதைப் பார்க்க மட்டும் கண்ணாடி தேவைப்படவில்லை. இப்படித் தினமும் உட்கார்ந்ததில் தன்னைப் பற்றி அவளுக்குச் சில செய்திகள் கிடைத்தன. தான் அவசரக்காரி என்று நினைத்திருந்தாள், அப்படி இல்லை. தனக்கு எந்நேரமும் பேச்சுத்துணை வேண்டும் என்று நினைத்திருந்தாள், அதுவும் இல்லை. திருமலையோடு சண்டை போட்ட நாளில் முடிச்சு இறுகி விழுந்தது. செழியன் போன் செய்த நாளில் இளகி விழுந்தது. வாயைத் திறந்து சொல்லாததையெல்லாம் கூடை சொல்லியது. முக்கியமான சேதி ஒன்று மட்டும் மடியிலேயே கிடந்தும் அவளுக்குத் தெரியவில்லை. கண்தான் மலை மேல் இருந்ததே.

ஆடி முடிந்து ஒரு நாள் சினேகா வந்தாள். திருமலையின் அக்கா ராணியம்மாளின் ஒரே மகள். கீழ்பென்னாத்தூரில் வீடு, ஐப்பசியில் கல்யாணம். வந்தவள் அறை முழுக்க அடுக்கியிருந்த கூடைகளைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, இதெல்லாம் நீங்களா பின்னுனீங்க?"

"நான்தான். மலையும்."

"என் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை வேணாம் அத்தை. வரவங்க எல்லாருக்கும் இந்த மாதிரி குட்டிக் கூடைதான். மாப்பிள்ளை வீட்ல இப்பவே சொல்லிடறேன்." சொன்னதோடு நிற்காமல் அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டாள்.

அன்று சாயங்காலமே ராணியம்மாள் தம்பிக்குப் போன் செய்தாள். ராணியம்மாள் கெட்டவள் இல்லை. கணவர் போன பிறகு நிலத்தையும் வீட்டையும் தனியாகக் கட்டிக் காத்தவள். அவள் கையில் கொடுத்தது எதுவும் கீழே விழுந்ததில்லை. அதனால் விழுகிறவர்களை அவளுக்குப் புரியாது.

"தம்பி, உன் பொண்டாட்டிய நம்பியா நான் கல்யாணத்த வெக்கறது? மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி கோணக் கூடைய நீட்டுனா என் மூஞ்ச எங்க வெச்சுக்கறது?"

"இப்பல்லாம் நல்லாப் பின்றாக்கா. மலையைப் பார்த்து உக்காந்தா போதும், கை நிக்க மாட்டேங்குது."

"சரி. பேர் அச்சடிச்ச பையும் சொல்லி வெக்கறேன். கூடை நேரா வந்தா கூடை. ஒண்ணு கோணலா இருந்தாலும் எல்லாத்தயும் உள்ள தூக்கி வெச்சுட்டுப் பைய குடுத்துடுவேன். அவகிட்ட சொல்லிடு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. வள்ளி இந்த முறை முந்திக்கொண்டு சிரிக்கவில்லை. கல்யாண மண்டபத்தின் வாசலில் தன் கூடைகள் நிற்க வேண்டும், பைகள் உள்ளே கிடக்க வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக ஒரு பொருளுக்கு அவள் எப்போதும் ஆசைப்பட்டதில்லை.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. கூடைகள் கட்டில் மேல் ஏறி, பீரோ மேல் ஏறி, கடைசியில் திருமலை வேனில் படுக்க வேண்டியதாயிற்று. எல்லாம் முடிந்தது என்று கையை உதறிக்கொண்டபோது மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், இன்னொரு பஸ் ஜனம் வருகிறது என்று. ராணியம்மாள் போன் செய்தாள். "பந்தக்கால் நட நீ எப்படியும் வரணும். வயர எடுத்துக்கினு வந்துடு. மீதிய இங்கயே குந்திப் பின்னிடு."

"அங்கேர்ந்து மலை தெரியாதே" என்றாள் வள்ளி திருமலையிடம்.

"மாடிலேர்ந்து தெரியும். வானம் தெளிவா இருந்தா."

வானம் தெளிவாக இல்லை. கீழ்பென்னாத்தூரில் இறங்கியதும் முதல் வேலையாக வள்ளி மாடிக்குப் போனாள். மேற்கே மேகம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. மலை இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே வந்தாள். கல்யாண வீட்டில் கால் வைக்க இடமில்லை. மூட்டைகள் அடுக்கிய பக்கத்து அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பயத்தில் அவள் மிகவும் ஒழுங்காக வேலை செய்தாள். பார்க்க மலை இல்லாததால் விரல்களையே பார்த்தாள். கீதாஞ்சலி முதல் நாள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மனசுக்குள் ஒப்பித்து, முதலில் வலது கை, பிறகு மடிப்பு, பிறகு இழுப்பு என்று ஒவ்வொன்றாகச் செய்தாள். கூடை கோணலாக வந்தது.

அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். அது முன்னதைவிடக் கோணல். யாரோ வருகிற சத்தம் கேட்டு அதை மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். ராணியம்மாள்தான் வந்தாள். வெற்றிலைக் கட்டுகளை எடுக்கக் குனிந்தவள் மூட்டைக்குப் பின்னால் கிடந்ததைப் பார்த்தாள். போகும்போது அலமாரியிலிருந்து அச்சடித்த பைக்கட்டை இறக்கித் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அப்போதுதான் சுவரில் அது கண்ணில் பட்டது. மூட்டைகளுக்கு மேலே ஒரு காலண்டர். அகன்ற அடிவாரம், மேலே போகப் போகக் குறுகி ஒரு சிகரம், பின்னால் நீல வானம். வள்ளிக்கு உடம்பு சிலிர்த்தது. "வந்துட்டியா" என்று வாய்விட்டே சொன்னாள். கை கூப்பினாள். நாற்காலியைக் காலண்டருக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கண் சிகரத்தில் நின்றது, மனசு அடங்கியது, கை தன் பாட்டுக்குப் போயிற்று. சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. சாயங்காலத்துக்குள் நேரான கூடைகள் அவள் காலைச் சுற்றி நின்றன.

சினேகா காபியோடு வந்து பார்த்துவிட்டு அம்மாவை இழுத்துவந்தாள். ராணியம்மாள் ஒரு கூடையை எடுத்துத் தரையில் வைத்தாள், சுற்றி வந்து பார்த்தாள், இன்னொன்றை வைத்தாள்.

"காலைல கோணலா இருந்துச்சு. இதெல்லாம் எப்படி?"

"காலைல மலை இல்லீங்க அண்ணி. இப்ப மலையைப் பார்த்துக்கினே உக்காந்துட்டேன்."

"எந்த மலை?"

வள்ளி பக்தியோடு காலண்டரைக் காட்டினாள். ராணியம்மாள் காலண்டரைப் பார்த்தாள். வள்ளியைப் பார்த்தாள். மறுபடி காலண்டரைப் பார்த்தாள்.

"அது மல்லாட்ட" என்றாள்.

"என்னங்க அண்ணி?"

"உரக்கடைக்காரன் குடுத்த காலண்டரு. மல்லாட்டயக் குவிச்சு வெச்சு போட்டோ புடிச்சுப் போட்டிருக்கான்."

வள்ளி தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நிலக்கடலை. ஒவ்வொரு கடலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அடிவாரத்தில் கொட்டை எழுத்தில் 'அமோக மகசூலுக்கு' என்று போட்டு ஓர் உர மூட்டையின் படமும் இருந்தது. சினேகா மூட்டை மேல் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவர் போன பிறகு யாரும் பல்லைப் பார்த்திராத ராணியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். வள்ளியும் சிரித்தாள். காலையிலிருந்து மல்லாட்டையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவள் வேறு என்ன செய்வாள். கண்ணில் நீர் வரும் வரை மூன்று பேரும் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகுதான் வள்ளிக்குச் சிரிப்பு நின்று ஒரு கேள்வி வந்தது. கடலைக் குவியலுக்குக் கூடை பின்னத் தெரியாது. அப்படியானால் பின்னியது யார்?

அவள் நாற்காலியை வெறும் சுவருக்கு நேராகத் திருப்பினாள். ஒரு வயரை மடியில் போட்டுக்கொண்டு, கையை அதன் போக்கில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்தாள். இடது கை முதலில் எழுந்து வந்தது. வயரை எடுத்தது இடது கை. மடித்ததும் அதுதான், நுனியைக் கோத்ததும் அதுதான், இழுத்து இறுக்கியதும் அதுதான். வலது கை பேசாமல் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது.

அவள் கீதாஞ்சலிக்குப் போன் போட்டாள். "கீதா, உன் பக்கத்துல உக்காந்தப்ப எனக்கு வரல. எதிர்ல உக்காந்தப்ப வந்துச்சு. அது ஏன்?"

கீதாஞ்சலி யோசித்தாள். அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பது தெரிந்தது, வளையல் சத்தம் கேட்டது. "அக்கா, எதிர்ல உக்காந்தா என் சோத்தாங்கைக்கு நேரா உங்க பீச்சாங்கைதானே இருக்கும்? கண்ணாடியப் பாத்து செய்யற மாதிரி, நான் வலதுல செஞ்சத நீங்க இடதுல செஞ்சிருக்கீங்க. அதான் வந்திருக்குது." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்க பீச்சாங்கைக்காரியாக்கா?"

வள்ளி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். அடி அண்ணாமலை கோயிலில் விபூதிக்கு நீட்டிய கை மேல் ஓர் அடி விழுந்தது ஞாபகம் வந்தது. "சோத்தாங்கைல வாங்கு." பலகையில் எழுத எடுத்த குச்சியை வாத்தியார் பிடுங்கி அடுத்த கையில் வைத்தது ஞாபகம் வந்தது. அடித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். அடியை அவள் மறந்துவிட்டாள். எந்தக் கைக்கு விழுந்தது என்பதையும் மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அரிவாள், கரண்டி, பேனா, டம்ளர் எல்லாவற்றையும் இரவல் வாங்கிய கையில் பிடிப்பதுபோலப் பிடித்து, விழ விழ எடுத்து, இத்தனை வருஷம். ஒரு நிமிஷம் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் சந்தோஷம் வந்து நிறைந்துவிட்டது. தனக்குக் கை வராமல் இல்லை. கை இருந்திருக்கிறது. தான்தான் அதைக் கூப்பிடவில்லை.

"ஆமா கீதா" என்றாள். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "பீச்சாங்கைக்காரிதான்."

போனை வைத்த பிறகு பயம் வந்தது. தாம்பூலம் மங்கலப் பொருள். கடைக்காரன் இடது கையால் சில்லறை நீட்டினால்கூட வாங்காமல் நிற்கிறவள் ராணியம்மாள். வேனில் ஏற்றி வந்தது, இங்கே பின்னியது, எல்லாக் கூடையும் இடது கை போட்ட முடிச்சு. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் இப்போதுதான் கிடைத்த கையை உடனே மறுபடி ஒளித்து வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ராணியம்மாள் பின்கட்டில் மஞ்சள் கிழங்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வள்ளி அருகில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ராணியம்மாளின் கை நின்றது.

"அப்ப எல்லாமே பீச்சாங்கைல பின்னுனதா?"

"ஆமாங்க அண்ணி."

"வயர எடுத்துக்கினு வா."

எடுத்து வந்தாள். "பின்னு" என்றாள் ராணியம்மாள். வள்ளி பின்னினாள். ராணியம்மாள் முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்தாள். "இப்ப சோத்தாங்கைல பின்னு." வள்ளி கையை மாற்றினாள். முடிச்சு தள்ளாடி, வாயைத் திறந்து, அவிழ்ந்தது. "இன்னொருவாட்டி" என்றாள். மறுபடியும் அவிழ்ந்தது. ராணியம்மாள் அவிழ்ந்த வயரைத் தன் கையில் வாங்கி நுனி வரை நீவி நேராக்கினாள்.

"குடுக்கறதுதான் சோத்தாங்கையால குடுக்கணும்" என்றாள் கடைசியில். "பின்றது உன் கை. நீ எதுல வேணா பின்னிக்கோ."

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சினேகா, அந்தப் பைக்கட்ட எடுத்துக்கினு போயி சமையல்காரங்ககிட்ட குடு. காய் கட்ட ஆவும்."

மீதிக் கூடைகளை வள்ளி அறைக்குள் உட்கார்ந்து பின்னவில்லை. பந்தலின் கீழே, வருகிறவர் போகிறவர் நடுவில், எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று பார்க்காமல் உட்கார்ந்து பின்னினாள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பீச்சாங்கை என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது வள்ளிக்குக் கேட்டது. "ஆமாங்க" என்று அவளே தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் கூடைகள் வரிசை வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் தேங்காய், வெற்றிலை, பாக்கு. ஒன்றுகூடச் சாயவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரும்போதே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அழுதது. திருமலை கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "என் வீட்டுக்காரி பின்னுனது" என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே சுற்றினான்.

தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தார்கள். ஆரத்தி எடுக்க வேண்டும். தாய்மாமன் மனைவி எடுப்பதுதான் முறை; ஆனால் குங்குமம் கரைத்த சிவப்புத் தண்ணீரை வள்ளியின் கையில் கொடுக்கிற தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை. எப்போதும் வேறு யாராவது எடுப்பார்கள், வள்ளி பின்னால் நின்று குலவை விடுவாள். இன்றைக்கும் அவள் பின்னால்தான் நின்றாள். ராணியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தட்டோடு நேராக அவளிடம் வந்தாள்.

"புடி. எந்தக் கைல வெய்ட்டு நிக்குமோ அதுல ஏந்திக்கோ. இன்னொன்ன மேல வெச்சுக்கோ."

வள்ளி இடது கையால் அடியில் ஏந்தி, வலது கையால் விளிம்பைப் பிடித்தாள். தட்டு அசையாமல் நின்றது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தண்ணீர் தளும்பவே இல்லை. கடைசிச் சுற்றில் மாப்பிள்ளை குனிந்து, "அத்தை, நீங்க மல்லாட்டைய கும்பிட்டீங்களாமே" என்றான். வள்ளிக்குச் சிரிப்பு பீறிட்டது. தட்டு ஆடி, பட்டு வேட்டியின் கரையில் சிவப்பாகத் தெறித்தது.

கூட்டம் மூச்சைப் பிடித்தது. ராணியம்மாள் வேட்டியைப் பார்த்தாள். "எப்படியும் வாசல்ல ஊத்தறதுதானே" என்றாள். "இன்னா நிக்கற, பொட்டு வெய்யி."

வள்ளி இன்னமும் சிரித்துக்கொண்டே தட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டு விரலைத் தோய்த்து மாப்பிள்ளைக்கும் சினேகாவுக்கும் நெற்றியில் பொட்டு வைத்தாள். எந்தக் கையால் வைத்தோம் என்று அவள் கவனிக்கவில்லை. ராணியம்மாள் கவனித்தாள். கவனித்துவிட்டு, மேளக்காரர்கள் பக்கம் திரும்பி வாசிக்கச் சொன்னாள்.